மறைப்பானேன்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்திக்கு முதல் வகை நீரிழிவு. “மிட்டாய் கொடுத்தே கெடுத்தாள்” என்று தாயைப் பழித்தனர் அக்கம்பக்கத்தார். வீண் பழி! உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களை அழிப்பதால் வருவது இந்நோய். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போடப்படும்வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று மருந்து உண்டு, அறியாமைதான் எமன்.

“பெண் பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள்” என்றனர் உறவினர். பெற்றோரோ பள்ளிக்கே சென்று, “தலைசுற்றி வியர்த்தால் உடனே சர்க்கரை கொடுங்கள்” என்று ஆசிரியர்களுக்கு விளக்கினர். அதுவன்றோ பாசம்!

நண்பர்களே, நவம்பர் 14 குழந்தைகள் தினம். உலக நீரிழிவு தினமும் அதுவே. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லுமாறு அன்று தமிழிலும் கன்னடத்திலும் தெருத்தெருவாகச் சொல்வோம். விஞ்ஞானம் படித்த நாம் வாய்மூடி இருக்கலாமா?