பசளை மூடையும் நெல் மூடையும்

2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலம் அது. உழவுக்கு டீசல், விதைநெல், அடிக்கட்டுப் பசளை என்று கையிலுள்ள காசு முழுவதும் வயலுக்குள் இறங்குகிற நேரத்தில்தான் கமக்காரரிடம் வாக்குக் கேட்டு வந்தார்கள். ஆகவே மேடைகளில் பசளைப் பேச்சு கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை.

தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனம் ஆகஸ்ட் 26ஆம் திகதி வெளியானது. ரணில் விக்கிரமசிங்கவினதும் சஜித் பிரேமதாஸவினதும் விஞ்ஞாபனங்கள் மூன்று நாள் கழித்து ஒரே நாளில் வந்தன. எல்லாவற்றிலும் விவசாயத்துக்குப் பக்கங்கள் உண்டு. ஆனால் சந்தியிலும் சங்கக்கடை வாசலிலும் பேசப்பட்டது அந்தப் பக்கங்கள் அல்ல. 50 கிலோ பசளை மூடை 5,000 ரூபாவுக்குத் தரப்படும் என்று சஜித் பிரேமதாஸவின் கூட்டங்களில் சொல்லப்பட்டதே, அந்த ஒற்றை இலக்கம்தான் வாயிலிருந்து வாய்க்குப் போனது.

இந்த இலக்கத்தை ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்ப்பாசன வயல் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு அந்தர் யூரியா வேண்டும். சந்தையில் ஒரு அந்தர் 9,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாவுக்குக் கிடைக்கும்போது ஏக்கருக்கு மிச்சம் 8,000 ரூபா. அப்போது அரசு பணமாகக் கொடுத்த பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபா. அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 6,000 ரூபா. அந்தப் பணத்தை நிறுத்திவிட்டு மூடையைக் கொடுப்பார்களானால் கமக்காரர் கையில் கூடுதலாக நிற்பது ஏக்கருக்கு 2,000 ரூபா. இரண்டையும் சேர்த்தே தருவார்களா என்பதை எந்த மேடையிலும் யாரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஓரளவு நல்ல வயலில் ஏக்கருக்கு 1,700 கிலோ நெல் வருகிறது என்று வைப்போம். அறுவடை வேளையில் கிலோவுக்கு ஐந்து ரூபா கூடினால் 8,500 ரூபா கூடும். ஐந்து ரூபா குறைந்தால் அதே தொகை போய்விடும். பசளை மூடைக்காக இவ்வளவு பேசிப் பெறும் சலுகை முழுவதையும் தரகரின் லொறி வயல் வரம்பில் நின்று ஒரே பேச்சில் எடுத்துக்கொண்டு போகலாம். மானாவாரிக் காரருக்கு விளைச்சல் குறைவு, ஆகவே தொகையும் குறையும். கணக்கு மாறாது.

பசளை மூடைக்கும் வாக்குக்கும் உள்ள உறவு பழையது. பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 2005 தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ 50 கிலோ மூடை 350 ரூபா என்றார், வென்றார், கொடுத்தார். உலகச் சந்தையில் விலை எவ்வளவு ஏறியபோதும் அந்த 350 ரூபாவை அசைக்க எந்த அமைச்சருக்கும் துணிவு வரவில்லை. 2016இல் மூடைக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். 2018இல் மீண்டும் மூடைக்குத் திரும்பி நெல்லுக்கு 500 ரூபா ஆக்கினார்கள். 2019 தேர்தலில் விலையே இல்லாமல் இலவசம் என்று இரண்டு பிரதான வேட்பாளர்களும் சொன்னார்கள். ஏலம் கீழ்நோக்கிப் போய்ப் பூச்சியத்தில் முடிந்தது.

(350 ரூபாக் காலத்தைப் பற்றிப் பேசும்போது வடக்குக் கமக்காரருக்கு வேறொரு நினைவும் வரும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் யூரியாவும் இருந்தது. பசளை இல்லாமல் கமம் செய்வது எப்படி என்பதை முழு நாடும் அறிவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே நாங்கள் அறிந்திருந்தோம்.)

2019இல் 69 இலட்சம் வாக்குகளுடன் கோட்டாபய ராஜபக்ஷ வெற்றி பெற்றார். அவருடைய விஞ்ஞாபனத்தை இன்று திரும்ப எடுத்து வாசிப்பது பயனுள்ள வேலை. அதில் இலவசப் பசளையும் இருந்தது, பத்து வருடங்களில் நாட்டின் விவசாயத்தைச் சேதனப் பசளைக்கு மாற்றும் திட்டமும் இருந்தது. வரிக் குறைப்பும் இருந்தது. வந்த கையோடு வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். கைதட்டல் கிடைத்தது. திறைசேரிக்கு வரும் பணம் குறைந்தது. பின்னர் கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, டொலர் கையிருப்பு கரைந்தது. பத்து வருடத் திட்டம் 2021 ஏப்ரல் கடைசியில் பத்து நாள் திட்டமாக மாறியது. மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது.

அந்தத் தடையை வெறும் டொலர் தட்டுப்பாடு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ரஜரட்டையில் சிறுநீரக நோயால் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பசளைதான் காரணம் என்று ஆய்வு முடிவாகச் சொல்லாத ஒன்றை மேடைகள் முடிவாகச் சொல்லிவந்தன. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டதும் அதே காற்றில்தான். தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் களை மூடிய மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பது மலையகத்துக்குத் தெரியும். நஞ்சில்லா உணவு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதை ஒரு போகத்துக்குள் நிறைவேற்றித் தருவதாகச் சொல்வது, இலவச மூடை என்று சொல்வதன் இன்னொரு வடிவம். முன்னதில் காசு எங்கே என்ற கேள்வி இல்லை. பின்னதில் நைதரசன் எங்கே என்ற கேள்வி இல்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் கேடு செய்யும் பக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள், கடைசியில் அந்த நிறுவனத்துக்கு ஏறக்குறைய 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து போத்தல்களில் நனோ நைதரசன் வந்தது. நவம்பரில் தடையை நீக்கியபோது பயிர் மஞ்சளித்துவிட்டது. 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தொட்ட நெல், அடுத்த பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னைக்கூட எட்டவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு அந்தர் யூரியா கறுப்புச் சந்தையில் 40,000 ரூபா வரை போனது. இலவசம் என்று வாக்களித்த பொருளுக்கு அந்த விலை.

இவ்வளவும் பட்ட பிறகும் அந்தத் தேர்தலில் மூடை விலையிலேயே நின்றோமே என்பதுதான் என் ஆதங்கம். மூடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மானியம் இல்லாமல் இரண்டு ஏக்கர்க் கமக்காரர் நிற்க மாட்டார். ஆனால் மானியத்தின் அளவு இனி எந்த ஜனாதிபதியின் விருப்பத்திலும் மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறக்குறைய 300 கோடி டொலர் ஒழுங்கு செய்யப்பட்டது. 2025இல் வட்டிச் செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிகுதி காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வற் வரி 2024இல் 18 வீதமாக ஏறியதும் அதற்காகவே. ரணில் இந்த ஒழுங்கைத் தொடர்வேன் என்றார். சஜித்தும் அநுர குமார திசாநாயக்கவும் பேசித் திருத்துவோம் என்றார்கள். கிழித்தெறிவோம் என்று இந்த மூவரில் எவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் கொடுக்கப்போகும் ஒவ்வொரு ரூபாவுக்கும் எதை வெட்டுவீர்கள் என்று கேட்பது கேட்பவரின் உரிமை.

என்னைக் கேட்டால், அந்த ரூபாவில் முதல் பங்கு நெல் சந்தைப்படுத்தும் சபைக்குப் போக வேண்டும் என்பேன். 1971இல் உருவான சபை அது. இன்று அதற்குப் பெயரும் களஞ்சியங்களும் இருக்கின்றன, வேண்டிய நேரத்தில் காசு இருப்பதில்லை. அறுவடை தொடங்கி, ஆலைக்காரர்கள் விலையைத் தீர்மானித்து, பாதி நெல் கைமாறிய பிறகுதான் கொள்வனவுப் பணத்துக்கு அனுமதி வரும். வந்தாலும் 14 வீத ஈரப்பதன் என்ற நிபந்தனை. 2023இல் உலர்ந்த நெல்லுக்குக் கிலோ 100 ரூபா என்றார்கள். வெட்டும் இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு கொட்டும் நெல்லை எங்கே காயவிடுவது? தார் வீதியில் காயவிட்டால் வாகனக்காரர் ஏசுவார், பொலிஸ் வரும். இயந்திரக் கூலிக்கும் கடை நிலுவைக்கும் அன்றைக்கே காசு வேண்டும். ஆகவே ஈர நெல் தரகருக்கே போகும். கிராமத்துக்கு ஒரு காயவைக்கும் தளமும் பிரதேசத்துக்கு ஒரு உலர்த்தியும் மேடையில் கைதட்டல் வாங்கித் தராது என்பது எனக்கும் தெரியும். நெல் வைக்க இடமில்லாமல் 2015இல் மத்தல விமான நிலையத்தின் கட்டடத்தில் மூடை அடுக்கிய நாடு இது. விமான நிலையத்துக்குப் பணம் இருந்தது, களஞ்சியத்துக்கு இருக்கவில்லை.

வடக்கில் நெல்லோடு கதை முடியாது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு போடுபவர்களுக்குப் பசளையைவிட இறக்குமதி வரிதான் தலைவிதி. இதற்கும் ஒரு தேர்தல் வரலாறு உண்டு. டட்லி சேனாநாயக்க பாதியாக்கிய அரிசிப் பங்கீட்டை மீண்டும் இரண்டு கொத்தாக்குவதாகச் சொல்லித்தான் 1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க வந்தார். சந்திரனிலிருந்தாவது அரிசி வரும் என்ற பேச்சை மூத்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அரிசி வரவில்லை, தெற்கில் பாணுக்கு வரிசை வந்தது. ஆனால் அந்நியச் செலாவணி இல்லாததால் மிளகாய், வெங்காய இறக்குமதியை மூடியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைநிமிர்ந்தார். கல்வீடுகள் எழுந்தன. 1977இல் கதவு திறந்தது, அந்தக் காலம் முடிந்தது. அவர்களுக்காக மூடவும் இல்லை, அவர்களைக் கேட்டுத் திறக்கவும் இல்லை.

இன்றும் அப்படித்தான். விசேட பண்ட வரி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கிழங்கு நடுகிறவருக்குத் தெரியாது. கிண்டும் வாரத்தில் கப்பல் வந்து நிற்கும். அதன் மறுபக்கமும் உண்டு. இந்தியா தன் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னர், 2023 டிசம்பர் 8ஆம் திகதி வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே மாதம்தான் தடையை நீக்கியது. இடையில் இங்கே பெரிய வெங்காயம் வாங்கியவர்களுக்கு விலை தெரியும். அயல்நாட்டுத் தேர்தலே நம் சமையலறைக்குள் வரும்போது, நம் தேர்தலில் வெங்காயம் ஏன் பேசப்படவில்லை? நடுவதற்கு முன்பே அந்தப் போகத்துக்கான வரியை அறிவித்து அறுவடை முடியும்வரை மாற்ற மாட்டோம் என்று ஒருவர் சொல்லட்டும். அதற்குத் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் போகாது.

மண்ணெண்ணெய் இன்னொன்று. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கிணற்று நீர் இறைத்துத் தோட்டம் செய்பவர்கள் அன்று பட்ட அடியிலிருந்து முழுதாக எழும்பவில்லை. விலை பின்னர் இறங்கியது, பழைய இடத்துக்கு வரவில்லை.

மலையகத்தில் சம்பளமே தேர்தல். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபா என்று அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா, மிச்சம் 350 ரூபா உற்பத்தியைப் பொறுத்தது என்றானது. மேடையில் ஒரு முழு இலக்கமாக ஏறியது, கொழுந்து நிறுக்கும் தராசில் இரண்டு துண்டாக இறங்கியது.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரிமப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு முழு உறுதி கொடுக்கும் உறுமய திட்டம் 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் தொடங்கியது, இலக்கு 20 இலட்சம். தேர்தல் வருடத்துத் திட்டம் என்று அதைத் தள்ள நான் தயாரில்லை. உறுதி கையில் இருந்தால் வங்கியில் கடன் எடுக்கலாம். கடன் ஏறினால் அதே உறுதியோடு நிலமும் போகலாம் என்ற பயமும் நியாயமானது. ஆனால் மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் கேட்பது உறுதிகூட இல்லை, மாடு மேய்க்கும் தரை. அவர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து 2024 செப்டம்பரோடு ஒரு வருடம் ஆனது. தமிழ் மேடைகளில் அரசியல் தீர்வு பேசப்படுகிறது, பேசப்பட வேண்டும். மேய்ச்சல் தரையும் அதற்குள் அடங்கிய விடயம்தான் என்று சொல்லி அடுத்த பேச்சாளரை அழைத்துவிடுகிறார்கள்.

வாக்குக் கேட்டு வரும் அமைப்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், திகதி ஒன்றைக் கேளுங்கள். நெல் வாங்கும் பணம் எந்தத் திகதியில் சபையின் கணக்குக்கு வரும்? புதிய ஜனாதிபதி 2024 செப்டம்பர் கடைசிக்குள் பதவியில் இருந்தார். அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கும். ஆலைக்காரர்கள் அதற்கு முன்பே காசைத் தயார்செய்து விடுவார்கள். அரசுக்கும் இருந்தது அதே நான்கு மாதங்கள்.