போர் களத்தோடு நிற்க வேண்டும்

கணனித் திரையிலே வாளேந்திப் போர்புரியும் விளையாட்டைப் பற்றி அரசியல் ஏட்டில் எழுதுவதா என வியப்போர் இருக்கலாம். அவ்விளையாட்டுக்கள் பிள்ளைகளின் கல்வியைக் கெடுப்பன என்றே எம்மவரிற் பலர் கருதுகின்றனர். இரவெல்லாம் கண்விழித்திருக்கும் மாணவனைக் கண்டு கவலையுறும் பெற்றோரை நாம் குறைகூறவில்லை. ஆயினும், அவன் அத்திரையிற் காணும் இன்பம் யாது, அங்கே அவனுக்கு நேரக்கூடிய தீங்கு யாது என்பவற்றை ஆராயாமற் கண்டிப்பது முறையன்று. இன்பத்தையே தீங்கென எண்ணி, மெய்யான தீங்கைக் காணாது விடுகின்றோம் என்பதே எமது கருத்து.

யப்பானிய நிறுவனமாகிய புரொம் சொவ்ட்வெயார் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ என்னும் விளையாட்டு கடுமைக்குப் பெயர்பெற்றது. அதில் வாளை ஒருமுறை வீசினும், கேடயத்தால் ஓரடியைத் தாங்கினும், உருண்டு விலகினும் வீரனின் உடல்வலு குறைகின்றது. வலு தீர்ந்தவன் தாக்கவும் இயலான். தன்னைக் காக்கவும் இயலான். ஆதலால் ஆத்திரத்தில் வாளைச் சுழற்றுபவன் மடிகின்றான். பகைவனின் தோள் எப்பொழுது உயர்கிறது, கால் எப்பொழுது பெயர்கிறது எனப் பொறுமையோடு நோக்குபவன் வெல்கின்றான். மடிந்தவன் அதுவரை ஈட்டியது மடிந்த இடத்திலேயே கிடக்கும். மீண்டும் அங்கு சென்று அதனை எடுத்துக்கொள்ளலாம். எடுக்குமுன் மறுபடியும் மடிந்தாலோ அது போயிற்று.

இத்துணைத் துன்பத்தில் இன்பம் எங்கே உளது? ஒரு போகம் பொய்த்தபின் மறுபோகத்துக்கு ஏரெடுக்கும் கமக்காரன் இவ்வினாவைக் கேட்கமாட்டான். ஆனால் கமக்காரனின் தோல்விக்கு வானமும் சந்தையும் காரணமாகலாம். இவ்விளையாட்டிலோ தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் தன் கையே. பகைவன் முன்போலவே நிற்கின்றான். அவன் வலிமை குறையவில்லை. முப்பது முறை வீழ்ந்தவன் முப்பத்தோராம் முறை வெல்வானாயின், மாறியவன் அவனே. அவ்வின்பம் கொலைவெறியன்று, தன் கை தேறியதைத் தானே காணும் மகிழ்ச்சியாகும்.

இவ்விளையாட்டில் எதிரே வருவோர் யாவரும் இயந்திரம் ஆட்டுவிக்கும் பொம்மைகள் அல்லர். வேறொரு நாட்டிலிருந்து மனிதன் ஒருவனே உள்ளே புகுந்து போருக்கு அழைத்தலும் உண்டு. அவ்வேளை வாளெடுக்குமுன் இருவரும் தலைவணங்குதல் ஆடுவோர் பலர் தாமாகவே வளர்த்துக்கொண்ட வழக்கம். போரிடாதார்க்கு முன்னறிவித்து, அவர் அகன்றபின் அம்பு தொடுத்தலை அறமெனப் போற்றிய புறநானூற்றை உடைய நமக்கு இவ்வணக்கத்தின் பொருள் எளிதில் விளங்கும். போருக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் வீடு உண்டு.

அந்த எல்லைதான் இன்று காவலின்றிக் கிடக்கின்றது. இணையத்தோடு தொடுக்கப்பட்ட ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இலக்க விலாசம் உண்டு. அதனை ஐ.பி. விலாசம் என்பர். இருவரின் கருவிகள் இடையே எவருமின்றி நேராகப் பேசுமாறு அமைந்த விளையாட்டில், உன் விலாசம் எதிரியின் கருவிக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அதனைப் பிரித்தறியும் மென்பொருளும் அரிதன்று.

அவ்விலக்கம் ஒழுங்கையையும் வீட்டையும் காட்டிவிடாது. இணைப்பு வழங்கும் நிறுவனத்தையும், அண்ணளவாக ஊரையும் காட்டும். சந்தாதாரர் யார் என்பதை அந்நிறுவனமே அறியும். எனினும் தோல்வியைப் பொறாதவனுக்கு அவ்விலக்கமே போதும். பயனற்ற தரவை அதனை நோக்கி வெள்ளமெனப் பாய்ச்சி இணைப்பை முடக்கலாம். அப்பொழுது தடைப்படுவது விளையாட்டு மட்டுமா? அதே இணைப்பில் நோயாளியின் அறிக்கையைப் படிக்கும் வைத்தியரான தந்தையின் வேலையும், பாடம் கேட்கும் தங்கையின் கல்வியும் தடைப்படும். இவர்கள் எவரும் வாளேந்தியவர் அல்லரே!

2022 ஜனவரியில் நடந்ததை நினைவிற் கொள்க. ‘டார்க் சோல்ஸ் 3’ விளையாட்டின் கணனிப் பதிப்பில் ஒரு குறைபாடு வெளிப்பட்டது. எதிரியாக வந்தவன் மற்றவனின் கணனியிலே தான் விரும்பிய கட்டளையை இயக்கக்கூடிய நிலை அது. அவ்வரிசையின் கணனிப் பதிப்புக்களுக்கான இணையச் சேவைகள் நிறுத்தப்பட்டன. மூன்றாம் பாகத்தின் சேவை ஓகஸ்ட்டிலேயே மீண்டது. அக்குறைபாடு விலாசம் வெளிப்பட்டதால் விளைந்ததன்று. நிரலில் இருந்த பிழையால் விளைந்தது. ஆயினும், முன்பின் அறியாதவனை விளையாட்டின் பெயரால் வீட்டுப் படலைவரை வரவிட்டால் என்ன நேரும் என்பதை அது காட்டியது.

பரிகாரம் இல்லையா? உண்டு. தபாற்பெட்டி இலக்கத்துக்குக் கடிதம் எழுதுபவன் பெறுபவரின் வீட்டை அறியான். தபாற் கந்தோரே அறியும். அவ்வாறே இருவருக்கும் இடையே ஓர் அஞ்சற்கணனி நின்று தரவை வாங்கிக் கொடுக்கலாம். வால்வ் நிறுவனம் தனது ஸ்டீம் தளத்தின் இத்தகைய வலையமைப்பை 2019 இல் விளையாட்டு ஆக்குவோருக்குத் திறந்துவிட்டது. ஆகவே வழி இல்லையென எவரும் இனிச் சொல்ல இயலாது.

இடையில் ஒருவர் நின்றால் தாமதமாகுமே, நொடியின் சிறுபகுதியும் வெற்றி தோல்வியை முடிவுசெய்யுமே என்பர். சிலவேளை அது மெய்யே. ஆயினும் சிறு தாமதம் இருவருக்கும் பொது. வீட்டின்மீது விழும் தாக்குதல் ஒருவருக்கே உரியது. மறைப்பது வஞ்சகனுக்கும் உதவாதா என்பர். எதிரிக்கு மறைத்தல் வேறு, நீதிமன்றுக்கு மறைத்தல் வேறு. இடைநிற்பவர் முறையான கட்டளைக்கு விடையளிக்கலாம். தோற்றுச் சினந்தவனுக்கு விடையளிக்க வேண்டியதில்லை.

சட்டமும் இத்திசையிலேயே செல்கின்றது. மாறிக்கொண்டேயிருக்கும் ஐ.பி. விலாசமும், அதற்குரியவரை அறியச் சட்டவழி இருக்குமிடத்துத் தனிப்பட்ட தரவேயாகும் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று 2016 ஒக்டோபர் 19 இல் ஜேர்மனிய வழக்கொன்றில் தீர்த்தது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரை இனங்காட்டும் இணைய அடையாளத்தைத் தன் வரைவிலக்கணத்துள் அடக்கியுள்ளது. எழுத்தில் உள்ள இவ்வுரிமையைப் பயன்படுத்தக் கேட்பதே இனி எமது வேலை.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளையின் கையிலிருந்து வாளைப் பறிக்க விரைய வேண்டாம். அவன் ஆடும் விளையாட்டு எதிரிக்கு அவன் விலாசத்தைக் காட்டுகின்றதா என்று அவனிடமே கேளுங்கள். அறியேன் என்பானாயின், இருவரும் சேர்ந்து தேடி அறியுங்கள். விளையாட்டு ஆக்குவோரிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. எம் பிள்ளைகள் களத்தில் நூறுமுறை தோற்கட்டும். அத்தோல்வியை அவர்கள் விரும்பியே ஏற்றனர். களத்துக்கு வராத வீட்டாரைத் தாக்கும் வழியை மட்டும் அடையுங்கள்.