தூங்காத தோழரைக் கொண்டாடாதீர்கள்

எங்கள் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, ஒரே மாதத்தில் ஆளே மாறிப்போனான். இரவு இரண்டு மணிக்கு நூலகத் திட்டம் அனுப்புவான், நான்கு மணிக்குத் துண்டறிக்கை. தூக்கம் மூன்று மணி நேரம்கூட இல்லை, களைப்பும் இல்லை. கடன் வாங்கி ஒலிபெருக்கி வாங்கினான். "இவனை மாதிரி பத்துப் பேர் போதும்" என்று மெச்சியவள் நான்தான். சமூகவியலில் முதுகலை வேறு!

பிறகு ஒருநாள் தனியாக ஊர்த்தெருவுக்குள் போய், சாதி ஆணவம் பிடித்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டான். அடித்துப் போட்டார்கள். அதன்பின் நான்கு மாதம் பாயைவிட்டு எழவில்லை. "பயந்துட்டான்" என்றோம்.

அந்த வேகமும் இந்த முடக்கமும் ஒரே நோயின் இரண்டு முனைகள். பைபோலார் என்கிறார்கள். காலையில் சிரித்து மாலையில் கோபப்படுவதற்குப் பெயர் பைபோலார் அல்ல. தோழர்களைக் கிண்டல் செய்ய அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். முழுமையான எழுச்சி நிலை வாரக்கணக்கில் நீடிக்கும். சோர்வு நிலை குறைந்தது இரண்டு வாரம், பல நேரம் மாதங்கள். இடையில் ஆள் இயல்பாகவே இருப்பார்.

சோர்வில் கிடந்தபோதுதான் அவனை மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். தூங்காமல் திரிந்த மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மறுபடி எழுச்சியில் தள்ளிவிடும். அவனுக்கும் அதுதான் நடந்தது. பிறகுதான் லித்தியம் தொடங்கினார்கள். 1949 முதல் அறியப்பட்ட மருந்து, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் அளவு ஏறி நஞ்சாகிவிடும். விடுமுறையில் சித்தாள் வேலைக்குப் போகிறவன் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் எந்த வெயிலில் நிற்கிறார்கள் என்று மருந்துச்சீட்டுக்குத் தெரியாது.

"சாதிதான் நோய், மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவமானமும் தூக்கமின்மையும் நோயைத் தூண்டலாம். பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. மாத்திரை விழுங்குவது சரணாகதி இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதை உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. அதையும் கேட்டு வாங்குவோம்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. அடித்தவர்கள்மீது புகார் கொடுக்கப் போனால், "மனநிலை சரியில்லாதவன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்த இடத்தில், அடிபட்டவன் நோயாளியாக இருந்தால் குற்றம் குற்றமில்லை என்று இருக்கிறது? எழுத்தில் கேட்ட பிறகுதான் வழக்குப் பதிந்தார்கள்.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இப்போது எங்கள் குழுவில் இரவு பத்துக்கு மேல் செய்தி அனுப்புவதில்லை என்று முடிவு. போன வாரம் ஒருவர் நள்ளிரவில் சுவரொட்டி வாசகம் அனுப்பிவிட்டார். காலை ஆறு மணிக்கு அவனுடைய பதில் வந்திருந்தது: "ராத்திரி தூங்கலையா அண்ணே?"