டியூப் இல்லாத டயர் எமக்கு ஏற்றதா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் துவிச்சக்கர வண்டிக்கு மவுசு கூடியது, விலையும் ஏறியது. அட்டன், நுவரெலியா மலைகளில் சைக்கிள் மிதிப்பது இலகுவல்ல. ஆயினும் மண்சரிவாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயர்ந்து, புதிய இடத்தில் மரக்கறியும் மாடும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு, பால் கேனையும் லீக்ஸ், கரட் மூட்டையையும் பிரதான வீதிவரை கொண்டுசேர்க்க அதுவும் ஒரு வழி. காலையில் டயரில் காற்று இறங்கினால் அன்றைய வருமானமும் இறங்கிவிடும்.

அகலமான சக்கரமுள்ள மவுண்டன் சைக்கிள்களோடு டியூப் இல்லாத டயரும் இப்போது எம் பக்கம் வரத் தொடங்கியுள்ளது. சிறு முள் குத்தினால் தானாகவே அடைத்துக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பு. அடைப்பது எது? உள்ளே ஊற்றும் பால். அவற்றில் பல, உறையாதிருக்க அமோனியா கலந்த இறப்பர் பாலால் ஆனவை. 1876இல் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளின் வழியாக இந்நாட்டில் பரவிய அதே மரத்தின் பால்தான், போத்தலில் அடைபட்டு அதிக விலைக்கு எம்மிடம் திரும்பி வருகிறது! அதற்காக மரத்துப் பாலை அப்படியே டயரில் ஊற்றலாகாது. சில மணி நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும்.

பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். ரிம்மைத் துடைத்து உலர்த்தி, கம்பித் துளைகள் முழுவதும் மூடும்படி அதற்கான டேப்பை இழுத்து ஒட்ட வேண்டும். வால்வுக்குச் சிறு துளையிட்டு இறுக்க வேண்டும். டயர் ஓரத்தில் சவர்க்கார நீர் பூசிக் காற்றடித்தால், ஓரம் "டப்" என்ற சத்தத்துடன் ரிம்மில் அமரும். டயரில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் காற்றடிக்க வேண்டாம். பின்பு காற்றை இறக்கி, வால்வின் உள்ளூசியைக் கழற்றி, போத்தலில் குறித்த அளவு பாலை ஊற்றி, மீண்டும் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். நுரை வரும் இடமே கசியும் இடம்.

கைப்பம்பின் காற்று பெரும்பாலும் ஓரத்தை அமர்த்தப் போதாது. அப்போது முதலில் டியூபைப் போட்டுக் காற்றடித்து இரு ஓரங்களையும் அமர்த்துங்கள். பின்பு ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி டியூபை எடுத்தால், மற்றப் பக்கம் அமர்ந்தபடியே இருக்கும். மிச்ச வேலை பாதிதான்.

ஆனால் எமது கருத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். லுமாலா, ஹீரோ போன்ற பழைய பெரிய சைக்கிள்களின் ரிம் இதற்கென அமைந்ததல்ல. அதில் முயல்வது பணத்துக்கும் உயிருக்கும் கேடு; பள்ளத்தில் இறங்கும்போது டயர் கழன்றால் என்னவாகும்? பாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். மீண்டும் வாங்க வேண்டும். பெரிய கிழிவை அது அடைக்கவும் மாட்டாது. அந்த நேரத்தில் கைகொடுப்பது பையில் உள்ள பழைய டியூபே.

ஆகவே, ஏற்ற சக்கரம் ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். மற்றவர்கள் இதற்காகக் கடன்பட வேண்டாம். சொலுஷனும் ஒட்டுத் துண்டும் நெம்புகோலும் வீட்டில் இருந்தால் போதும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல கால்பம்பு வாங்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பஞ்சர் ஒட்டப் பழக்கலாம். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த நாம், எம் கையாலேயே பழுதுபார்க்கக்கூடிய பொருளைத் தெரிவு செய்வதே புத்தி.