ஏட்டுப் பறவையும் ஏரிப் பறவையும்

காஞ்சிமாநகரின் தென்பால், பாலாற்றை அடுத்துள்ள ஓரிக்கை எமது ஊர். பட்டுச் சேலையின் கரைகளில் அன்னமும் மயிலும் தறியிலே உருவாதலை இளமைதொட்டுக் கண்டுள்ளோம். பின்னர்க் கல்லூரி புகுந்து, பண்டை நூல்களில் நாரையும் குருகும் அன்றிலும் பயின்றோம். இவற்றால் பறவைகளை அறிந்தோம் என்று இறுமாந்திருந்தோம். அவ்விறுமாப்பு சென்ற தைத் திங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அழிந்தது.

விலங்கியல் மாணவர் ஆராய்ச்சியின்பொருட்டு அங்குச் செல்ல, யாமும் உடன் சென்றோம். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அதிலுள்ள பறவைகளையும் கூடுகளையும் எண்ணி எழுதுதல் வேண்டும். யாம் எழுதியது ‘நாரை’ என்னும் ஒரே சொல். “எந்த நாரை?” என்று நண்பர் வினவினார். விடை கூற இயலாது நாணி நின்றோம். அருகிருந்த உழவர் ஒருவர், “அது நத்தைகுத்தி, தம்பி, அதன் மூக்கைப் பார்” என்றார்.

தொலைநோக்கியால் நோக்கினோம். மேலலகும் கீழலகும் நடுவிற் பொருந்தாது இடைவெளி விட்டிருந்தன. குஞ்சுகளுக்கு அவ்விடைவெளி இல்லை. வளர்ந்த பின்னரே அஃது உண்டாகின்றது. ஓட்டினுள் ஒடுங்கிய நத்தையை வெளியே இழுத்துண்ண அவ்வலகு துணை செய்கின்றது. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்னும் பெயர்களும் இங்ஙனம் உற்று நோக்கினோர் இட்டவையே. ஒவ்வொரு பெயரும் ஓர் ஆராய்ச்சியின் முடிபு என்பதை அன்று உணர்ந்தோம்.

நோக்கியவரே காத்தும் வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவ்வூரார் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்கள்மீது அவர்கள் முறையிட, 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி, 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. உலகப் பட்டியலில் இடம்பெறுதற்கு இரு நூற்றாண்டுகட்கு முன்னரே அதன் அருமையை உணர்ந்தவர் நாட்டுப்புறத்து உழவர் அன்றோ?

“தமிழ் பயில்வோர்க்குப் பறவைக் கணக்கு எற்றுக்கு?” எனச் சிலர் நகைப்பர். திணைதோறும் புள்ளையும் விலங்கையும் கருப்பொருளாக வகுத்த மொழியைப் பயில்வோர், அவற்றைக் கண்ணாற் காணாது உரை கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? சென்னைக் கடற்கரையில் 1988ஆம் ஆண்டுமுதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து கடலாமை முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகின்றனர். அப்பணிக்கு வேண்டுவன பொறுமையும் கூர்ந்த நோக்குமே. விலங்கியற் பட்டம் அன்று.

விடுமுறையில் ஊர் திரும்பியபின், குறிப்பேட்டோடு பாலாற்றங்கரையில் ஒரு மணி நேரம் அமர்ந்தோம். ஏழு வகைப் பறவைகளைக் கண்டோம். மூன்றன் பெயரை யாமே எழுதினோம். இரண்டன் பெயரை ஆடு மேய்ப்பவர் ஒருவர் கூறினார். எஞ்சிய இரண்டற்கும் இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.

ஆகலின், எத்துறை மாணவராயினும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஏரிக்கோ காட்டிற்கோ சென்று ஆராயுமாறு கல்லூரிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும். செல்வோரும் அவ்வவ்வூராரை முதலாசிரியராகக் கொள்ளுதல் வேண்டும். ஏட்டில் வாழும் பறவை பறந்து போகாது. ஏரியில் வாழும் பறவையோ, நாம் அறியாதிருப்பின் நம்மை விட்டுப் போய்விடும்.