புது ரெசிபியும் வெள்ளைக் கொடியும்: கேமரன் மலைச் சமையலறைகளில் என்ன நடந்தது?

2021-ல் வாட்ஸ்அப்பைத் திறந்தால் இரண்டு வகைப் படங்கள் வந்தன. ஒன்று, வீட்டில் செய்த கேக், பிரட், பீட்சா. இன்னொன்று, ஜன்னலில் தொங்கும் வெள்ளைத் துணி. ஜூன் மாதக் கடைசியில் தொடங்கிய 'பெண்டேரா பூத்தே' இயக்கத்தின் அடையாளம் அது. வீட்டில் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிட்டால் வெள்ளைக் கொடியைக் கட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்து உதவட்டும் என்பதுதான் யோசனை.

இரண்டுமே ஒரே முடக்கத்தில் பிறந்தவை. ஆனால் "வீட்டுல மாட்டிக்கிட்டோம், ஏதாவது புதுசா சமைக்கலாம்" என்று சொல்ல எல்லாராலும் முடிந்ததா? பகாங்கின் கேமரன் மலையில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தெளிவான பதில் கிடைக்கிறது.

யார் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள்?

2020 மார்ச் 18-ல் முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை (பி.கே.பி.) வந்தது. 2021 ஜூன் 1 முதல் நாடு தழுவிய முழு முடக்கம். ஜூலை 5-ல் பகாங் உட்பட ஐந்து மாநிலங்கள் தேசிய மீட்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டன. இருந்தாலும் மாநில எல்லையைத் தாண்ட அனுமதி இருக்கவில்லை. கேமரன் மலைக்கு இதுதான் பெரிய அடி. தாப்பா வழியாக வந்தாலும் சிம்பாங் பூலாய் வழியாக வந்தாலும் பேராக்கிலிருந்துதான் மலை ஏற வேண்டும். கோலாலம்பூர்க்காரர்களும் ஈப்போக்காரர்களும் வராததால் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளில் ஸ்ட்ராபெரி வாங்க ஆள் இருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கதை வேறு. தோட்டத் துறைக்கும் வேளாண்மைக்கும் முழு முடக்கத்திலும் அனுமதி இருந்தது. தேயிலைக்கு பி.கே.பி. தெரியாது. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். விட்டால் செடி மரமாகிவிடும். எடுத்த கொழுந்தையும் அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக, நகரத்தில் ஒருவர் டல்கோனா காபி அடித்துக்கொண்டிருந்த அதே காலையில் இங்கே ஒருவர் சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை இருந்தது. வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தான் இல்லை.

டல்கோனா ஏன் தேநீரில் வரவில்லை?

2020-ல் இதைச் செய்யாதவர் குறைவு. உடனடி காபித்தூள், சீனி, சுடுநீர் மூன்றையும் சம அளவில் எடுத்து நுரை வரும்வரை அடிக்க வேண்டும். அதைக் குளிர்ந்த பாலின் மேல் போட வேண்டும். காபித்தூளில் உள்ள சில பொருள்கள் காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொள்கின்றன. சீனி அந்தக் கலவையைக் கெட்டியாக்கி, குமிழி உடையாமல் பார்த்துக்கொள்கிறது. ஃபில்டர் டிகாஷனிலும் கொதிக்கவைத்த தேநீரிலும் தண்ணீர் அதிகம். எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. தேயிலை விளையும் மலையிலேயே இந்த ஃபேஷனுக்குக் காபித்தூள்தான் வாங்க வேண்டியிருந்தது என்பது சின்ன வேடிக்கை.

வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. யூடியூப் ரெசிபிகள் பெரும்பாலும் சமவெளிச் சமையலறையை மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த சட்டியில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும், கேஸும் அதிகம் செலவாகும். இரவுக் குளிரில் இட்லி மாவு லேசில் பொங்காது, பிரட் மாவும் அப்படித்தான். "எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும்" என்று வீடியோவில் சொன்னதை நம்பி விடியற்காலையில் மூடியைத் திறந்தால் மாவு அப்படியே இருக்கும். பாட்டிமார் அடுப்புப் பக்கத்தில் பானையை வைத்துக் கம்பளி சுற்றியது ஏன் என்பது அப்போதுதான் புரியும்.

காய்கறி அங்கே, வாணலி இங்கே

2020 மார்ச்சில் ஒரு விநோதம் நடந்தது. நகரத்தில் எல்லாரும் வீட்டில் சமைக்கத் தொடங்கினார்கள், கடைகளில் காய்கறிக்குத் தட்டுப்பாடு. கேமரன் மலையிலோ விவசாயிகள் தக்காளியையும் கீரையையும் டன் கணக்கில் கொட்டினார்கள். உணவுக்கு அனுமதி இருந்தது. வழிதான் இல்லை. மொத்தச் சந்தைகளின் நேரம் குறைந்தது, லாரிப் போக்குவரத்து குழம்பியது, பெரிய அளவில் வாங்கும் உணவகங்களும் ஹோட்டல்களும் ஒரே நாளில் காணாமல் போயின. பிரிட்டனில் கோதுமை மாவுக்கும் இதே கதிதான். ஆலைகளில் மாவு இருந்தது. கடையில் விற்கும் சின்னப் பைகள் போதவில்லை. பேக்கரிக்குப் போகும் மூட்டையை வீட்டுக்கு யார் வாங்குவார்கள்? இங்கே பிறகு லசாடா போன்ற இணையத் தளங்கள் வழியாக மலைக் காய்கறி நேரடியாக வீடுகளுக்கு வந்தது. என் பார்வையில் இந்த முடக்கம் கண்டுபிடித்த உருப்படியான ரெசிபி அதுதான்.

சுகு–பவித்ரா சொன்னது

தோட்டத்துச் சமையலறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் தம்பதி சுகு–பவித்ரா. 2020 ஜனவரியில், அதாவது முடக்கத்துக்கு முன்பே, யூடியூப் சேனலைத் தொடங்கிவிட்டார்கள். நம் வீட்டுக் கறியை பவித்ரா மலாய் மொழியில் சமைத்துக் காட்டியதும் சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மே மாதம் சிறப்புரையில் அப்போதைய பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசினே அவர்களைக் குறிப்பிட்டார். அவர்கள் காட்டியது புதுமை அல்ல, அன்றாடம் செய்யும் சமையல். இருக்கிற சாமானை வைத்துச் சமைப்பது தோட்டத்து மக்களுக்குப் பழகிப்போன வேலை. ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காதபோது மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அதை மாவாக்கியும் அவித்தும் சாப்பிட்டவர்கள் அதற்கு ரெசிபி என்று பெயர் வைக்கவில்லை.

இன்றைக்குத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து, வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். 2021 ஜூன் 28-ல் அறிவிக்கப்பட்ட 15,000 கோடி ரிங்கிட் 'பெமுலே' திட்டத்தின் ரொக்க உதவி குடிமக்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. வெளிநாட்டுத் தொழிலாளி வெள்ளைக் கொடி கட்டினால் அது கண்ணில் பட்டது அண்டை வீட்டுக்குத்தான். அந்த வீட்டிலும் பல நேரம் இன்னொரு தொழிலாளியே இருந்தார்.

2021 தீபாவளிக்கு அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது. பாட்டில் சமையல் எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. மானிய விலையில் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்ற ஒரு கிலோ பாக்கெட் எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைக்கவில்லை. மலையில் முறுக்கு பிழியும் வீடுகள் அப்போதே கணக்குப் போடத் தொடங்கியிருக்கும்.