திருப்தியா? பயமா?

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் நோயாளிகளிடம், "திருப்திதானா?" என்று டெலிபோனிலும் குறுஞ்செய்தியிலும் கேட்டறிய 2016-ல் இந்திய சர்க்கார் "மேரா ஆஸ்பதால்" என்றோர் ஏற்பாடு செய்தது. கேட்பது நல்லதே. ஆனால் ஏழை சொல்லும் "திருப்தி"க்கு அர்த்தம் என்ன என்பதே நமது கேள்வி.

சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. இவ்வளவும் நின்று, டாக்டரைக் கண்டது எவ்வளவு நேரம்? 67 நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கணக்குப்படி, முதலில் பார்க்கும் டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22½ நிமிஷம். இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி! டாக்டரை மட்டும் நோவதில் பயனில்லை. வாசலில் நிற்கும் கூட்டத்துக்குப் போதுமான டாக்டர்களை வைக்காதது யார் குற்றம்?

அப்படியிருந்தும் ஏழை ஏன் "திருப்திதானுங்க" என்கிறான்? இலவசமாய்க் கிடைப்பதைத் தர்மமென்று நினைக்கிறான். பிச்சை வாங்கினவன் சோற்றில் உப்பில்லை என்பானா? நாளைக்கும் அதே வாசலுக்குத்தானே வரவேண்டும் என்கிற பயம் வேறு.

தோழர்களே! ஆஸ்பத்திரி தர்மசத்திரமல்ல. தீப்பெட்டி வாங்கினாலும் நாம் வரி கொடுக்கிறோம். அப்பணத்தில் நடப்பதே அது. ஆகவே, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் நின்றீர்கள்? உட்கார இடமிருந்ததா? "நீ" என்றார்களா, "நீங்கள்" என்றார்களா? நோய் இன்னதென்று விளக்கினார்களா? கைகூப்பி "திருப்தி" என்று சொல்லிவிட்டு வருவதால் எந்த வரிசையும் குறையாது.